பட்டா கைக்கு வருமுன் விற்ற நீதிபதி: ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ்

கேட்கப்பட்டது இது: அமெரிக்கப் புரட்சிக் காலத்துக் கர்னல், நீதிபதி, காங்கிரஸ் உறுப்பினர் என்று மூன்று அடைமொழியோடு குறிப்பிடப்படும் ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ் என்னதான் செய்தார்? லட்சக்கணக்கான ஏக்கர் வாங்கியவர் கடைசியில் வழக்கிலும் கடனிலும் சொத்தை இழந்தது எப்படி?

இரண்டுக்கும் விடை ஓஹியோ நதிக்கரையில் இருக்கிறது. இன்றைய சின்சினாட்டி நகரம் நிற்கும் நிலத்தை அரசிடமிருந்து மொத்தமாக ஒப்பந்தம் பேசி, சில்லறையாக விற்றவர் அவர். பணம் கட்டி முடிக்கவில்லை, எல்லை அளந்து முடிக்கவில்லை, பட்டா வரவில்லை. அதற்குள் விற்கத் தொடங்கிவிட்டார். அதே பகுதிக்கு அவரே நீதிபதியும். போர்ப் பணி, சட்டப் பணி, அரசியல் எல்லாம் அவரை இந்த வியாபாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தன என்றே நான் பார்க்கிறேன். அதனால் முன்கதையைச் சுருக்கமாகவும் நிலக் கதையை விரிவாகவும் சொல்கிறேன்.

பிறந்தது 1742 ஜூலை 21, நியூயார்க்கின் லாங் ஐலண்டில். தந்தை பாதிரியார். பள்ளி ஆசிரியர், நில அளவையர் என்று தொடங்கி, சட்டமும் கற்று, 1770 வாக்கில் நியூ ஜெர்சியின் வடமேற்கு மூலையான சசெக்ஸ் கவுன்டிக்குக் குடிபெயர்ந்தார். அளவை வேலை தெரிந்தவர் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் நடந்த குளறுபடிக்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாமல் போவது அதனால்தான்.

புரட்சி தொடங்கியதும் சசெக்ஸ் மிலிஷியாவில் ஒரு படைப்பிரிவுக்குக் கர்னல் ஆனார். மிலிஷியா என்பது சம்பளப் பட்டாளம் அல்ல. விவசாயிகளே முறை வைத்துக் காவலுக்குப் போவார்கள். விதைப்பும் அறுப்பும் வந்தால் ஆள் கிடைப்பது கஷ்டம். டெலவேர் நதியோரக் காவல், எல்லைக் கோட்டைகள், நியூ ஜெர்சிக்குள் வந்த பிரிட்டிஷ் படையோடு மோதல் என்று அவருடைய போர்ப் பணி அந்த அளவிலானது. பெரிய தளபதி என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுகிறார்கள். மனைவி 1776இல் இறந்துவிட, பிரிட்டிஷ் சிப்பாய் உடையில் மாறுவேடமிட்டுச் சின்ன மகள் அன்னாவை லாங் ஐலண்டில் இருந்த தாத்தா பாட்டியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று ஒரு கதை குடும்பத்தில் வழங்கிவருகிறது.

நீதிபதி சிம்ஸைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. 1777 முதல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தில் அவர் துணை நீதிபதி. தலைமை நீதிபதி டேவிட் பிரேர்லி, இன்னொருவர் ஐசக் ஸ்மித். இந்த மூவர் முன் வந்தது ஹோம்ஸ் எதிர் வால்டன் வழக்கு. எதிரிப் பகுதியோடு வியாபாரம் செய்து கொண்டுவந்த சரக்கைப் பறிமுதல் செய்ய 1778இல் மாநிலம் ஒரு சட்டம் போட்டிருந்தது. அதன்படி விசாரணைக்கு 6 ஜூரிகள் போதும். மிலிஷியா மேஜர் வால்டன் சரக்கைப் பிடித்தார், 6 பேர் ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, சரக்குக்காரர்கள் மேல்முறையீட்டுக்கு வந்தார்கள். மாநில அரசியலமைப்பு உறுதி தரும் ஜூரி விசாரணை என்றால் 12 பேர்தானே என்பது அவர்கள் வாதம். 1780 செப்டம்பரில் நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை ரத்து செய்தது. விரிவான தீர்ப்புரை மிஞ்சவில்லை என்பதால், சட்டமே செல்லாது என்று சொன்னார்களா என்பதில் சட்ட வரலாற்றாசிரியர்களுக்குள் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சட்டமன்றச் சட்டத்தை அரசியலமைப்போடு ஒப்பிட்டு நீதிமன்றம் உரசிப் பார்த்த மிக ஆரம்பகால நிகழ்வுகளில் இது ஒன்று. அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரத்தை நிலைநாட்டிய புகழ்பெற்ற மார்பரி எதிர் மேடிசன் தீர்ப்பு வந்தது 1803இல்தான்.

1785, 1786 ஆண்டுகளில் அவர் கான்டினென்டல் காங்கிரஸ் எனப்பட்ட அன்றைய அமெரிக்கத் தேசிய அவையின் உறுப்பினர். காங்கிரஸிடம் அப்போது பணம் கிடையாது, ஆனால் ஓஹியோ நதிக்கு வடக்கே நிலம் ஏராளம். 1785 நிலச் சட்டம் அதை எப்படி வெட்டி விற்பது என்று வகுத்தது: 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப், அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், ஒரு டவுன்ஷிப் 23,040 ஏக்கர். அடுத்து 1787 ஜூலை 13 சட்டம் அந்தப் பிரதேசத்துக்கு ஆளுநர், செயலாளர், 3 நீதிபதிகள் என்று நிர்வாகம் அமைத்தது. இவை உருவான காலத்தில் தலைநகர் வட்டாரத்தில் பழகிய மனிதர் சிம்ஸ்.

பெஞ்சமின் ஸ்டைட்ஸ் என்ற எல்லைப்புற வியாபாரி, பெரிய மயாமி நதிக்கும் சின்ன மயாமி நதிக்கும் நடுவிலுள்ள மண்ணின் வளத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து சிம்ஸிடம் சொன்னார். சிம்ஸ் 1787இல் தானும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். ஆகஸ்ட் 29 அன்று இரண்டு நதிக்கும் இடைப்பட்ட முழு நிலத்தையும் கேட்டுக் காங்கிரஸுக்கு மனு. அப்போதைய கணிப்பு 20 லட்சம் ஏக்கர். ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை அவர் காத்திருக்கவில்லை. அந்த நவம்பரிலேயே நியூ ஜெர்சியின் டிரென்டனில் விளம்பரத் துண்டறிக்கை வெளியிட்டு விற்பனையைத் தொடங்கிவிட்டார்.

அந்த அறிக்கையின் விதிகளைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1788 மே வரை ஏக்கருக்கு ஒரு டாலரில் மூன்றில் இரண்டு பங்கு, அதன்பின் ஒரு டாலர். பணம் கட்டியவருக்கு நிலச் சீட்டு. சீட்டோடு போய்ப் பிடித்த செக்‌ஷனைப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் குடியேறவோ ஆளை வைத்துத் திருத்தவோ வேண்டும். தவறினால் அந்த நிலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது செக்‌ஷனுக்கு 106 ஏக்கருக்குச் சற்று மேல், அங்கே வந்து உழைக்கத் தயாராக இருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். ஊரில் உட்கார்ந்துகொண்டு வாங்கிப் போடுகிறவர்களைத் தடுக்கும் விதி இது. உண்மையிலேயே நல்ல விதி. ஆனால் யாருடைய ஆறில் ஒன்று எப்போது பறிபோனது என்று முறையாகக் கணக்கு வைத்தால்தான் அது வேலை செய்யும். வைக்கப்படவில்லை. ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் உரிமை கேட்ட வழக்குகள் பலவற்றின் வேர் இங்கே இருக்கிறது. பெரிய மயாமியும் ஓஹியோவும் கூடும் முனையில் நகரம் அமைக்கலாம் என்று அந்த டவுன்ஷிப்பைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டார்.

1788 அக்டோபர் 15 அன்று கருவூல வாரியத்தோடு ஒப்பந்தம் முடிந்தபோது, 20 லட்சம் 10 லட்சமாகக் குறைந்திருந்தது. அதைவிடப் பெரிய சேதாரம் எல்லையில். பெரிய மயாமியின் முகத்துவாரத்திலிருந்து ஓஹியோ நதியின் வளைவுகளோடு 20 மைல் கிழக்கே வந்து, அங்கிருந்து பெரிய மயாமியின் போக்குக்கு இணையாக வடக்கே போகும் கோடு என்று ஒப்பந்தம் சொன்னது. சின்ன மயாமி எல்லையே இல்லை. ஸ்டைட்ஸுக்கு விற்ற நிலம் சின்ன மயாமியின் முகத்துவாரத்தில். அது வெளியே போய்விட்டது. விற்றவர் கையில் இருந்தது பழைய மனுவின் வரைபடம், அரசின் கையில் இருந்தது புதிய ஒப்பந்தம்.

விலையும் பார்வைக்குத் தெரிவதுபோல எளிமையானதல்ல. ஏக்கருக்கு ஒரு டாலர், மோசமான நிலத்துக்காக மூன்றில் ஒரு பங்கு கழிவு. பணமாகக் கட்ட வேண்டாம். போர்க்காலத்தில் அரசு கொடுத்த கடன் பத்திரங்களை முகமதிப்பில் கட்டலாம். ஏழில் ஒரு பங்கை, படைவீரர்களுக்குக் கொடுத்த நிலச் சீட்டுகளாகவும் கொடுக்கலாம். 1787இல் கடன் பத்திரங்கள் சந்தையில் முகமதிப்பில் சிறு பகுதிக்கே விலைபோயின. மலிவாகப் பத்திரம் வாங்கி, முழு மதிப்புக்கு அரசிடம் தள்ளி நிலம் எடுப்பதுதான் லாபக் கணக்கு. புதிய அரசியலமைப்பு வந்து, 1790இல் கருவூலச் செயலர் ஹாமில்டனின் கடன் திட்டம் நிறைவேறியதும் பத்திரங்களின் சந்தை விலை ஏறியது. சிம்ஸ் கட்ட வேண்டிய தொகை காகிதத்தில் மாறவில்லை. அதைத் திரட்ட ஆகும் உண்மைச் செலவு பல மடங்கானது. அடுத்த தவணைகள் நின்றுபோயின. பேராசைக்காரர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

குடியேற்றம் மூன்று இடத்தில் தொடங்கியது. ஸ்டைட்ஸின் கூட்டம் 1788 நவம்பரில் சின்ன மயாமி முகத்துவாரத்தில் கொலம்பியா என்ற ஊரை அமைத்தது. டிசம்பர் கடைசியில் லிக்கிங் நதி வந்து கலக்கும் இடத்துக்கு எதிரே, மத்தியாஸ் டென்மன் வாங்கிய சுமார் 800 ஏக்கரில் லோசான்டிவில். சிம்ஸ் தன் ஆட்களோடு 1789 பிப்ரவரி 2 அன்று வந்து சேர்ந்தபோது நதியில் வெள்ளம். அவர் நகரம் கட்ட நினைத்த முனை தண்ணீருக்குள். கொஞ்சம் மேலே, நதி வடக்கே வளையும் நார்த் பெண்டில் இறங்க வேண்டியதாயிற்று. அந்த வெள்ளத்தில் கொலம்பியாவும் மூழ்கியது. மேட்டில் இருந்த லோசான்டிவில் தப்பியது. அரசுப் படை 1789இல் வாஷிங்டன் கோட்டையை லோசான்டிவில்லில்தான் கட்டியது. தன் ஊரில் கட்ட வேண்டும் என்று சிம்ஸ் எவ்வளவோ முயன்றார். கோட்டை இருந்த இடத்துக்கே கடை, கூலி, பாதுகாப்பு எல்லாம் போயின. 1790 ஜனவரியில் ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர் வந்து அந்த ஊருக்குச் சின்சினாட்டி என்று பெயர் மாற்றினார். நார்த் பெண்ட் இன்றும் சிறு ஊர்தான்.

இது ஷானி, மயாமி என்ற பூர்வகுடி மக்களின் மண் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1786இல் ஃபின்னி கோட்டையில் ஷானித் தலைவர்கள் சிலரிடம் வாங்கிய ஒப்பந்தத்தை அந்த மக்களில் பலர் ஏற்கவே இல்லை. 1790இல் அமெரிக்கத் தளபதி ஹார்மரின் படை அவர்களிடம் தோற்றது. 1791 நவம்பர் 4 அன்று செயின்ட் கிளேரின் படையில் 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 1794 ஆகஸ்டில் பூர்வகுடிகள் தோற்ற ஃபாலன் டிம்பர்ஸ் சண்டையும், அதையொட்டி அவர்கள் நிலம் விட்டுக்கொடுத்த 1795 கிரீன்வில் உடன்படிக்கையும் வரும்வரை உட்பகுதி நிலத்தை வாங்கவோ அளக்கவோ பெரும்பாலோர் துணியவில்லை. விற்பனை இல்லையென்றால் தவணை இல்லை.

இனி அளவை. என் பார்வையில் சிம்ஸின் மிகப் பெரிய தவறு இதுதான். கடன் பத்திரத்தின் விலை அவர் கையில் இல்லை, இது அவர் கையில் இருந்தது.

முறை இப்படி. ஓஹியோவின் வளைவுகளைத் தவிர்க்கும் அளவுக்கு வடக்கே தள்ளி, ஒரு மயாமியிலிருந்து மற்றதற்குக் கிழக்கு மேற்காக ஓர் அடிக்கோடு. அதில் மைலுக்கு ஒரு முளை. ஒவ்வொரு முளையிலிருந்தும் துணை அளவையர்கள் காம்பஸை வைத்து வடக்கே ஒரு கோடு போட்டு, அதிலும் மைலுக்கொரு முளை அடிப்பார்கள். அவையே செக்‌ஷன் மூலைகள். இந்த முளைக்கும் பக்கத்துக் கோட்டின் முளைக்கும் நடுவே கிழக்கு மேற்குக் கோட்டை வாங்கியவரே தன் செலவில் போட்டு நிலத்தை மூடிக்கொள்ள வேண்டும். அரசு முறையில் நான்கு பக்கமும் அளந்து மூடிச் சரிபார்ப்பார்கள். இங்கே வடக்கு நோக்கிய கோடுகள் ஒன்றோடொன்று எங்குமே சரிபார்க்கப்படவில்லை. செலவு குறைந்தது, சோதனை போனது.

பிசகு எங்கெல்லாம் நுழைகிறது என்று கணக்குப் போட்டால் புரியும். காம்பஸில் ஒரே ஒரு டிகிரி தவறினால் ஒரு மைல் போனதும் கோடு 92 அடி விலகியிருக்கும். 6 மைலில் 550 அடிக்கு மேல். முள் காட்டுவது காந்த வடக்கு. உண்மை வடக்கிலிருந்து அது இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அளவுச் சங்கிலி 66 அடி, 100 கண்ணி. மைலுக்கு 80 சங்கிலி. கண்ணிகள் உரசித் தேய்ந்து சங்கிலி ஓர் அங்குலம் நீண்டுவிட்டால் மைலுக்கு 6 அடி 8 அங்குலம் தப்பும். மேட்டுநிலத்தில் சங்கிலியைச் சமமட்டமாகத் தூக்கிப் பிடிக்காமல் சரிவோடு கிடத்தினால் ‘மைல்’ உண்மையில் குறைந்துவிடும். ஓஹியோ கரைக் குன்றுகளில் இது தினசரிப் பிரச்சினை. போதாதற்கு, எப்போது தாக்குதல் வருமோ என்ற பயத்தில் அவசர வேலை. ஆக, அருகருகே இருக்கும் இரண்டு கோடுகளின் மூலைகள் நேருக்கு நேர் நிற்கவில்லை. ஒரே வடிவமும் ஒரே பரப்பும் உள்ள இரண்டு செக்‌ஷனைத் தேடிப் பிடிப்பதே அரிது. 640 ஏக்கருக்குப் பணம் கட்டியவர்களில் ஒருவருக்குக் கூடுதல், அடுத்தவருக்குக் குறைவு.

பிறகு சிம்ஸ் இதைத் திருத்தப் பார்த்தார். ஒரு கோட்டை மறுபடி அளந்து புது மூலைகள் நட்டு, அதிலிருந்து மற்றவற்றைச் சரிசெய்யச் சொன்னார். அதற்குள் பழைய முளையை நம்பி வேலி போட்டு வீடு கட்டியவர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு முளை என்று ஆனது. நீதிமன்றங்கள் கடைசியில் பழைய மூலைகளையே செல்லும் என்றன. நட்ட கல் தவறான இடத்தில் இருந்தாலும் அதை நம்பி வாங்கியவருக்கு அதுவே எல்லை என்பது நில அளவைச் சட்டத்தின் அடிப்படை. நீதிபதியாக இருந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

நீதிபதிப் பதவி இந்தக் கதையில் எங்கே வருகிறது? 1788 பிப்ரவரியில் காங்கிரஸ் அவரை, ஓஹியோ நதிக்கு வடக்கே அமைத்த அந்த வடமேற்குப் பிரதேசத்தின் நீதிபதி ஆக்கியது. சம்பளம் ஆண்டுக்கு 800 டாலர். சட்டமன்றம் வரும்வரை ஆளுநரும் நீதிபதிகளும் சேர்ந்து, பழைய மாநிலங்களின் சட்டங்களிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து அமல்படுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. தேவைப்பட்டால் புதிதாகவும் எழுதலாம் என்றார்கள் நீதிபதிகள். எடுக்கத்தான் முடியும், எழுத முடியாது என்றார் செயின்ட் கிளேர். 1795இல் சின்சினாட்டியில் கூடிப் பிற மாநிலச் சட்டங்களிலிருந்து ஒரு தொகுப்பை எடுத்தார்கள். அச்சிட்ட வில்லியம் மேக்ஸ்வெல் பெயரால் அது மேக்ஸ்வெல் சட்டத் தொகுப்பு எனப்படுகிறது. சிம்ஸ் 1802 வரை பதவியில் இருந்தார். ஓஹியோ மாநிலமானது 1803இல். நிலம் விற்றவரே அந்த வட்டார நீதிபதி என்பதால், பத்திரத்தில் குறை கண்டவர் முறையிடப் போகும் மன்றத்திலும் அவர்தான். இது அன்றைக்கே பலர் முகத்தைச் சுளிக்க வைத்தது. ஒப்பந்த எல்லைக்கு வெளியே சிம்ஸ் நிலம் விற்கிறார் என்று 1791இல் ஆளுநர் பகிரங்க அறிவிப்பே விட்டார்.

1792இல் காங்கிரஸ் இறங்கிவந்து, கிழக்கு எல்லையைச் சின்ன மயாமி வரை நீட்டியது; கொலம்பியா பிழைத்தது. 1794 செப்டம்பர் 30 அன்று ஜனாதிபதி வாஷிங்டன் கையெழுத்திட்ட பட்டா வந்தது. பரப்பு 3,11,682 ஏக்கர். 10 லட்சம் அல்ல. அதுவரை கட்டிய பணத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. அதிலும் ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம் செக்‌ஷன் பள்ளிக்கு, 29 சமயப் பணிக்கு, 8, 11, 26 அரசுக்கு. ஒரு முழு டவுன்ஷிப் கல்லூரிக்கு. கழித்தால் விலை கொடுத்து வாங்கியது சுமார் 2,48,000 ஏக்கர்.

இங்கே அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மீதி நிலத்துக்கும் பணம் கட்டினால் அரசு தந்துதான் ஆக வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. பட்டாவின் வடக்கு எல்லைக்கு அப்பாலும் விற்றுக்கொண்டே போனார். 1795 ஆகஸ்டில் மேட் நதியோரம் இரண்டு ரேஞ்ச் (ரேஞ்ச் என்பது டவுன்ஷிப்களின் ஒரு வரிசை) நிலத்தை விற்றது இதில் பெரிய கிரயம். வாங்கியவர்கள்: செயின்ட் கிளேர், ஜோனதன் டேட்டன், ஜேம்ஸ் வில்கின்சன், அளவையர் இஸ்ரேல் லட்லோ. எச்சரிக்கை அறிவிப்பு விட்ட ஆளுநரே நான்கு ஆண்டில் வாங்குகிறவர் பட்டியலில்! டேட்டன் நகரம் அங்கே எழுந்தது. 1796 வசந்தத்தில் வந்திறங்கியவர்களுக்குத் தங்கள் மனைக்குத் தாய்ப்பத்திரமே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. காங்கிரஸ் அந்த நிலத்தைச் சிம்ஸுக்குத் தர மறுத்துவிட்டு, 1799 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டது. 1797 ஏப்ரல் 1க்கு முன் சிம்ஸோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்தவர்கள், ஏக்கருக்கு 2 டாலர் கட்டி அந்த நிலத்தை அரசிடமிருந்து முதலில் வாங்கிக்கொள்ளலாம். குடியிருப்பவருக்கு முன்னுரிமை தரும் பிற்கால அமெரிக்க நிலச் சட்டங்களுக்கு இது ஒரு முன்னோடி. ஆனால் சிம்ஸிடம் கொடுத்த பணம் கொடுத்ததுதான். வேண்டுமானால் அவர்மேல் வழக்குப் போடலாம். போட்டார்கள். தீர்ப்புகள் குவிந்தன, அவருடைய நல்ல நிலங்கள் ஒவ்வொன்றாக ஏலத்துக்குப் போயின. 1811இல் நார்த் பெண்ட் வீடு தீயில் எரிந்தது. நிலப் பத்திரங்களும் கணக்குகளும் அதோடு சாம்பல். யாரோ வேண்டுமென்றே வைத்த தீ என்றே பேசப்பட்டது. 1814 பிப்ரவரி 26 அன்று சின்சினாட்டியில் இறந்தார். நார்த் பெண்டில் அடக்கம்.

கல்லூரி டவுன்ஷிப் என்ன ஆனது என்றும் சிலர் கேட்பதுண்டு. தகுந்த நிலத்தையெல்லாம் அவர் விற்றுவிட்டதால், காங்கிரஸ் 1803இல் பெரிய மயாமிக்கு மேற்கே வேறு டவுன்ஷிப் கொடுத்தது. ஆக்ஸ்ஃபர்ட் ஊரும் 1809இல் பட்டயம் பெற்ற மயாமி பல்கலைக்கழகமும் அதில் வந்தவை.

குடும்பத் தொடர்பு இரண்டில் ஆட்கள் குழம்புகிறார்கள். அன்னா என்ற அந்த மகள் 1795இல், அப்பாவுக்கு விருப்பமில்லாமலே, வில்லியம் ஹென்றி ஹாரிசன் என்ற ராணுவ அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரே 1841இல் ஒரே மாதம் பதவியிலிருந்து இறந்த ஜனாதிபதி. அந்தத் தம்பதியின் பேரன் பெஞ்சமின் ஹாரிசனும் பின்னாளில் ஜனாதிபதி. பூமி உள்ளே கூடானது, துருவங்களில் வாசல் இருக்கிறது என்று 1818இல் அறிக்கை விட்ட ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ் வேறு ஆள். நீதிபதியின் தம்பி மகன்.

இந்தப் பகுதிப் பழைய பத்திரங்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்காவின் பிற பகுதிகளில் ரேஞ்ச் எண் கிழக்கு மேற்காக ஓடும், டவுன்ஷிப் எண் தெற்கு வடக்காக. சிம்ஸ் நிலத்தில் தலைகீழ்: ரேஞ்ச் தெற்கிலிருந்து வடக்கே எண்ணப்படும், அதற்குள் டவுன்ஷிப் மேற்கிலிருந்து கிழக்கே. நதியோரத்து அரைகுறை வரிசைகள் ‘பின்ன ரேஞ்ச்’ 1, 2. அதற்கு மேல்தான் ‘முழு ரேஞ்ச்’ 1இலிருந்து மறுபடி தொடங்கும். சின்சினாட்டியின் ஆதி மனைகள் பின்ன ரேஞ்ச் 1, டவுன்ஷிப் 4, செக்‌ஷன் 17, 18. பின்னமா முழுதா என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்தால் பல மைல் தள்ளி இன்னொருவர் நிலத்தில் போய் நிற்பீர்கள். செக்‌ஷன் எண்ணும் 1785 முறைப்படி தென்கிழக்கு மூலையில் தொடங்கி வடக்கே ஏறும். 1796க்குப் பின் வந்த முறையை மனதில் வைத்துத் தேடினால் 16ஆம் செக்‌ஷன்கூட வேறு இடத்தில் கிடைக்கும்.